பிளாங்க்

இரவு ஷிப்டில் முதல் வேலை
ஒன்றுமில்லாததைச் சோதிப்பது.
சுத்தமான கரைப்பான் ஒரு மைக்ரோலிட்டர்,
செப்டத்தைத் துளைத்து உள்ளே.
முப்பது மீட்டர் நீளம், முடியளவு துளை,
அடுப்புக்குள் சுருண்டு கிடக்கும் காலம்.
காலம் என்றுதான் லாக்புக்கில் எழுதுகிறோம்,
பொருத்தமாய்த்தான் விழுந்திருக்கிறது தமிழில்:
எது உள்ளே போனாலும்
தன் நேரம் வந்தால்தான் வெளியே வரும்.
ஒன்றும் போகவில்லையென்றால் ஒன்றும் வரக் கூடாது.
திரையில் கோடு
நூல் பிடித்த மாதிரி ஓட வேண்டும்.

எனக்கு ஓடவில்லை.
நான்கு நிமிடம் பத்து நொடியில்
சின்னதாய் ஒரு மேடு.
மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் தொண்ணூற்றொன்று ஓங்கி நின்றது,
பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு, கொஞ்சம் குள்ளமாக.
டொலுவீன்.
லைப்ரரியைக் கேட்க வேண்டியதே இல்லை,
தெருவில் தினம் பார்க்கிற முகம்.

பகல் ஷிப்ட் பர்வீன்பானுவுக்கு அது வருவதில்லை.
அதே பாட்டில், அதே ஊசி.
"ராத்திரி யாரோ கை சுத்தமில்லாம தொடுறாங்க"
என்றார் சுகுமாரன் சார், என்னைப் பார்க்காமல்.
ராத்திரி இருப்பது நான் ஒருத்திதான்.
கையுறை மாற்றினேன்.
நகப்பூச்சை விட்டேன்.
லைனர், செப்டம், ஊசி, புது பாட்டில்.
காலத்தை இருநூற்றெண்பது டிகிரியில்
விடியவிடியச் சுட்டேன்.
மேடு அசையவில்லை.

பெரம்பூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் நெப்போலியன்
மதியம் மூன்று மணிக்கு வந்தார்.
கோடு சமத்தாக ஓடியது.
"மெஷினுக்கு ஒண்ணுமில்ல மேடம்."
பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி மூன்று மணிக்கு
எர்ணாவூர் ரோட்டில் டீ குடிக்க இறங்கினேன்.
தேசப்பன் டபராவை உயர்த்தி ஆற்றினார்.
ஆவி நேராக எழவில்லை,
கடல் பக்கம் சாய்ந்து போனது.
மதியம் வந்தால் அதே ஆவி
மணலி பக்கம் சாயும்.
"கரைக்காத்தும்மா" என்றார்,
நான் எதைப் பார்க்கிறேன் என்று தெரியாமலே.

டீ ஆறிப்போச்சு.

வாசனை தெரியவில்லையா என்று யாராவது கேட்கலாம்.
நான் பிறந்தது திருவொற்றியூரில்.
என் மூக்கு அதை
எத்தனையோ வருடம் முன்பே கழித்துவிட்டது.

பதினொரு இரவு நோட்டில் இரண்டு கட்டம் போட்டேன்.
ஒன்றில் காற்று. ஒன்றில் மேட்டின் பரப்பு.
ஏழாம் இரவு மட்டும் மழைக்கு முன்னால்
கடலிலிருந்து அடித்தது,
அன்று என் கை சுத்தமாக இருந்தது.

சுகுமாரன் சார் நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.
அவர் வீடும் அந்தப் பக்கம்தான், சத்தியமூர்த்தி நகர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கழிச்சுடு" என்றார். "மெத்தட்லயே இருக்கு."
இருக்கிறது. தப்பும் இல்லை.
பெயின்ட் கம்பெனி சாம்பிளில்
பெயின்ட் கம்பெனியுடையது மட்டும்தான் நிற்க வேண்டும்,
நாங்கள் மூச்சு விடுவதை
அவர்கள் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்.
கழித்தேன். ரிப்போர்ட் போனது.

மறுநாள் ஒரு வையல் கரைப்பானை
வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில்,
நித்திலாவின் யூனிஃபார்ம் காயும் கொடிக்குக் கீழே,
மூடியைத் திறந்து அரை மணி நேரம்.
பிறகு மூடி, பேனாவால் எழுதினேன்: வீடு.

நான்கு நிமிடம் பத்து நொடி.
பழைய மேடுகளெல்லாம் குழந்தைகள்.

திரை வழக்கம்போலக் கேட்டது:
எந்த பிளாங்கைக் கழிக்க?
கீழே பட்டியல் விரிந்தது.
எல்லாம் என் இரவுகள்.
தேதி தேதியாக மேலே நகர்த்திக்கொண்டே போனேன்,
பர்வீன்பானுவின் ஒரு மத்தியானம் கிடைக்கும்வரை.